சிட்னி மார்டி கிரா ஊர்வலத்தின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் மார்டி கிரா, உலகின் மிகப் பெரிய தன்பாலீர்ப்பாளர் பெருமித விழாக்களுள் ஒன்று. வண்ண விளக்குகளும் இறகு ஆடைகளும் நிறைந்த அதன் படங்களைப் பார்த்தவர்கள் ஏராளம். அவர்களுள் பலருக்கு, முதல் ஊர்வலம் காவல் நிலையத்தில்தான் முடிந்தது என்பது தெரிந்திருக்காது. இவ்விழாவைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

மார்டி கிரா என்பது என்ன? அதற்கும் கிறித்தவ விழாவுக்கும் தொடர்பு உண்டா?

கத்தோலிக்க நாடுகளில் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள் வேடமணிந்து கொண்டாடும் வழக்கத்திலிருந்து பெயர் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது. வேறு சமயத் தொடர்பு எதுவும் இல்லை. சிட்னியில் இது தன்பாலீர்ப்புள்ள ஆண்கள், பெண்கள், இருபாலீர்ப்பாளர்கள், மாறுபாலினத்தவர், இடைப்பாலினத்தவர் ஆகிய அனைவருக்குமான விழாவாகும். ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு நாடகங்கள், கண்காட்சிகள், கருத்தரங்குகள், விளையாட்டுப் போட்டிகள் நடைபெறும். பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும் ஒரு சனிக்கிழமை இரவில், ஆக்ஸ்போர்டு வீதி வழியாகச் செல்லும் ஊர்வலம் விழாவின் உச்சம்.

1978ஆம் ஆண்டுக்கு முன் சிட்னியில் தன்பாலீர்ப்பாளர்களின் நிலை எவ்வாறு இருந்தது?

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1900ஆம் ஆண்டுக் குற்றச் சட்டப்படி, வயதுவந்த இரு ஆண்கள் இணங்கி உறவு கொண்டாலும் அது 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. பிரிட்டிஷ் பேரரசு தான் ஆண்ட நாடுகளில் எல்லாம் விட்டுச்சென்ற சட்ட மரபு இது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவும் அதே மரபில் வந்தவை. பெண்களுக்கிடையேயான உறவைச் சட்டம் குற்றமாக்கவில்லை. ஆனால் வேலை, வீடு, பெற்ற குழந்தைகளை வளர்க்கும் உரிமை ஆகியவற்றை இழக்கும் அச்சம் அவர்களுக்கும் இருந்தது.

1950களில் மாநிலக் காவல்துறை ஆணையராக இருந்த காலின் டிலேனி, தன்பாலீர்ப்பை ஆஸ்திரேலியாவை எதிர்நோக்கும் மிகப் பெரிய கேடாகவே கருதினார். பொதுக் கழிப்பிடங்களில் சாதாரண உடையில் காவலர்களை நிறுத்தி, ஆண்களை வலைவீசிப் பிடித்து வழக்குத் தொடுப்பது காவல்துறையின் அன்றாட நடைமுறையாக இருந்தது. மருத்துவ உலகமும் தன்பாலீர்ப்பை நோயாகக் கருதி, மின்னதிர்ச்சியையும் வாந்தி மருந்துகளையும் கொண்டு அதனை 'மாற்ற' முயன்றது.

இந்தச் சூழலில், 1970ஆம் ஆண்டு ஜான் வேர், கிறிஸ்டபெல் போல் ஆகிய இருவரும் 'காம்ப்' என்ற தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பைச் சிட்னியில் தொடங்கித் தங்கள் சொந்தப் பெயர்களோடும் முகங்களோடும் நாளேட்டில் தோன்றியது பெருந்துணிவு. அதன்பின் ஆர்ப்பாட்டங்கள், கலந்துரையாடல்கள், 1973ஆம் ஆண்டின் பெருமித வாரம் எனப் பல முயற்சிகள் நடந்தன. ஆகவே 1978ஆம் ஆண்டு நிகழ்ச்சி திடீரென வெடித்ததன்று. அதற்குப் பின்னால் எட்டு ஆண்டு உழைப்பு இருந்தது.

முதல் மார்டி கிரா நடந்த இரவில் என்ன நிகழ்ந்தது?

1978ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரச் செயற்பாட்டாளர்களிடமிருந்து சிட்னிக்கு ஒரு கடிதம் வந்தது. தன்பாலீர்ப்பாளர்களையும் அவர்களுக்கு ஆதரவாகப் பேசுவோரையும் பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து விலக்குவதற்காகக் கலிபோர்னியாவில் பிரிக்ஸ் என்ற அரசியல்வாதி ஒரு சட்ட முன்மொழிவைக் கொண்டுவந்திருந்தார். அதனை எதிர்க்க உலகெங்கும் ஒருமைப்பாடு காட்டுமாறு அக்கடிதம் கேட்டுக்கொண்டது. 1969 ஜூன் 28 அன்று நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுவகத்தில் காவல்துறையை எதிர்த்து எழுந்த கலகத்தின் நினைவு நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. இவ்விரண்டையும் முன்னிட்டு, ஜூன் 24 சனிக்கிழமை காலையில் பேரணியும் பிற்பகலில் பொதுக்கூட்டமும் நடத்தத் திட்டமிடப்பட்டது. இரவில் வேடமணிந்து ஆடிப்பாடிச் செல்லும் ஒரு தெருக் கொண்டாட்டத்தையும் சேர்க்கலாம் என்று ரான் ஆஸ்டின் என்பவர் யோசனை கூறினார்.

அந்த யோசனையில் ஆழ்ந்த அரசியல் அறிவு இருந்தது. பகலில் கொடியேந்தி முழக்கமிட வருவோர் ஏற்கெனவே துணிந்தவர்கள். இரவில் மதுவகங்களுக்குள்ளும் நடன அரங்குகளுக்குள்ளும் ஒதுங்கியிருந்தவர்களோ அரசியலுக்கு அஞ்சினார்கள். அவர்களைத் தெருவுக்கு அழைத்து வர இசையும் ஆட்டமும் வேண்டும் என்பதை அமைப்பாளர்கள் உணர்ந்திருந்தார்கள். 'மதுவகங்களை விட்டு வீதிக்கு வாருங்கள்' என்பதே அன்றைய முழக்கங்களுள் ஒன்றாகவும் இருந்தது.

இரவு பத்து மணியளவில் டெய்லர் சதுக்கத்தில் சில நூறு பேர் திரண்டார்கள். ஒலிபெருக்கி பொருத்திய ஒரு சிறு லாரியை லான்ஸ் கவுலண்ட் ஓட்டிச் செல்ல, கூட்டம் ஆக்ஸ்போர்டு வீதியில் ஆடியபடி இறங்கியது. ஊர்வலத்துக்கு முறையான அனுமதி பெறப்பட்டிருந்தது. இருந்தும் காவலர்கள் தொடக்கத்திலிருந்தே லாரியை விரைந்து போகச் சொல்லி நெருக்கினார்கள். ஹைட் பூங்காவை அடைந்தபோது லாரியையும் ஒலிபெருக்கியையும் பறிமுதல் செய்து, கவுலண்டைப் பிடித்தார்கள். அத்துடன் கூட்டம் கலைந்திருக்கலாம். ஆனால் யாரோ கிங்ஸ் கிராஸ் நோக்கிச் செல்வோம் என்று குரலெழுப்ப, மக்கள் கைகோத்துக்கொண்டு வில்லியம் வீதியில் ஏறினார்கள். வழியில் வேடிக்கை பார்த்தவர்களும் மதுவகங்களிலிருந்து வெளிவந்தவர்களும் சேர்ந்துகொள்ள, கூட்டம் ஏறத்தாழ 2000 பேராகப் பெருகியது.

டார்லிங்ஹர்ஸ்ட் சாலையில் காவல் வண்டிகள் இருபுறமும் வழியை அடைத்துவிட்டன. கலைந்து செல்ல வழியில்லாத மக்கள்மீது காவலர்கள் பாய்ந்து, அடித்து, தலைமுடியைப் பற்றி இழுத்து வண்டிகளில் ஏற்றினார்கள். அன்றிரவு கைது செய்யப்பட்டவர்கள் 53 பேர். டார்லிங்ஹர்ஸ்ட் காவல் நிலையத்துக்குள் பீட்டர் மர்ஃபி என்ற இளைஞர் கடுமையாகத் தாக்கப்பட்டார். வெளியே நின்ற நண்பர்கள், உள்ளிருந்து வரும் அலறலைக் கேட்டுக்கொண்டே, பிணைத் தொகைக்காக இரவு முழுவதும் கையேந்திப் பணம் திரட்டினார்கள்.

கைதானவர்களின் வாழ்க்கை என்ன ஆயிற்று?

காவலர்களின் அடியைக் காட்டிலும் ஆழமான காயத்தை அச்செழுத்து ஏற்படுத்தியது. நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்களின் பெயர், வீட்டு முகவரி, தொழில் ஆகிய மூன்றையும் 'சிட்னி மார்னிங் ஹெரால்டு' நாளேடு அப்படியே வெளியிட்டது. அக்காலத்தில் நீதிமன்றச் செய்திகளை அவ்வாறு வெளியிடுவது வழக்கந்தான் என்று சிலர் விளக்கம் கூறுவதுண்டு. ஆனால் தன்பாலீர்ப்பு குற்றமாக இருந்த ஒரு மாநிலத்தில், ஒருவரை அவருடைய பெற்றோருக்கும் முதலாளிக்கும் வீட்டு உரிமையாளருக்கும் ஒரே காலைப்பொழுதில் காட்டிக்கொடுப்பதன் விளைவு என்ன என்பதை அறியாமல் எந்த ஆசிரியர் குழுவும் இருந்திருக்க இயலாது. சிலர் வேலையை இழந்தார்கள். சிலரைக் குடும்பத்தார் ஒதுக்கினார்கள். அந்த நாள்களின் பாதிப்பிலிருந்து இறுதிவரை மீளாதவர்களும் உண்டு.

இருப்பினும் இயக்கம் அடங்கவில்லை. 'வழக்குகளைக் கைவிடு' என்ற கோரிக்கையோடு அடுத்தடுத்துப் பேரணிகள் நடந்தன. அவற்றிலும் கைதுகள் தொடர்ந்தன. ஆகஸ்ட் இறுதியில் தேசிய தன்பாலீர்ப்பாளர் மாநாட்டையொட்டி நடந்த பேரணியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டார்கள். இரண்டே மாதங்களில் கைதானோர் எண்ணிக்கை 178ஐ எட்டியது. பெண்ணிய அமைப்புகளும் தொழிற்சங்கத்தினரும் குடிமை உரிமை வழக்கறிஞர்களும் உடன் நின்றார்கள். இறுதியில் பெரும்பாலான வழக்குகள் கைவிடப்பட்டன.

அந்தக் கைதுகளால் சட்டத்தில் ஏதேனும் மாற்றம் வந்ததா?

வந்தது. மார்டி கிராவின் வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதியும் இதுதான். காவலர்கள் கைதுகளுக்குப் பயன்படுத்திய சிறுகுற்றச் சட்டம், தெருவில் நிற்பதையே குற்றமாக்கும் அளவுக்குக் காவல்துறைக்கு அதிகாரம் அளித்திருந்தது. 178 பேரின் வழக்குகளும் அவற்றையொட்டி எழுந்த கிளர்ச்சியும் கொடுத்த அழுத்தத்தில், 1979ஆம் ஆண்டு நெவில் ரான் தலைமையிலான மாநில அரசு அச்சட்டத்தை நீக்கியது. புதிய பொதுக்கூட்டச் சட்டத்தின்படி, ஊர்வலம் செல்ல விரும்புவோர் காவல்துறைக்கு முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும் என்றானது. தடுக்க விரும்பினால் காவல்துறைதான் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது.

அதற்குப்பின் போருக்கு எதிராகவும் நில உரிமைக்காகவும் ஊதியத்துக்காகவும் சிட்னித் தெருக்களில் நடந்த ஒவ்வொரு கூட்டமும் இந்த உரிமையின் பயனை அடைந்தது. 2009ஆம் ஆண்டில் இலங்கைப் போரை நிறுத்தக் கோரிச் சிட்னித் தமிழர்கள் வீதிக்கு வந்தபோதும் பொதுவெளியில் கூடுவதற்கான சட்ட அடிப்படை இதுவாகவே இருந்தது. தங்களுக்காக ஆடிக்கொண்டு வந்தவர்கள், தங்களை வெறுத்தவர்களும் உட்பட அனைவருக்கும் ஓர் உரிமையைப் பெற்றுத் தந்தார்கள். அவர்களுக்கு நகரம் பட்டிருக்கும் கடன் பெரிது என்பதே இதனை எழுதுபவரின் உறுதியான கருத்து.

1979 ஜூனில் இரண்டாவது மார்டி கிரா நடைபெற்றது. ஏறத்தாழ 3000 பேர் கலந்துகொண்டார்கள். ஒருவர்கூடக் கைது செய்யப்படவில்லை.

ஜூன் மாதத்தில் தொடங்கிய விழா ஏன் பிப்ரவரிக்கு மாற்றப்பட்டது?

தென்கோளத்தில் ஜூன் மாதம் குளிர்காலம். திறந்த வெளியில் ஆடிப்பாட வெயில்காலமே ஏற்றது என்று கருதி, 1981ஆம் ஆண்டிலிருந்து விழாவைக் கோடை இறுதிக்கு மாற்றினார்கள். இம்முடிவு எளிதாக எடுக்கப்படவில்லை. ஸ்டோன்வால் நினைவு நாளிலிருந்து விலகினால் அரசியல் மறைந்து வெறும் கேளிக்கை மிஞ்சும் என்று பலர் அஞ்சினார்கள். குறிப்பாகத் தன்பாலீர்ப்புள்ள பெண்கள் பலர், விழா ஆண்களின் கையிலும் மதுவக உரிமையாளர்களின் கையிலும் சிக்கிவிட்டதாகக் கூறி விலகிச் சென்றார்கள். அவர்களுடைய மனக்குறை நியாயமானது. பெண்களையும் குறிப்பிடும் வகையில் விழாவின் பெயர் மாற்றப்படுவதற்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று ஊர்வலத்தின் முகப்பில் உறுமிக்கொண்டு வரும் பெண்களின் மோட்டார் சைக்கிள் அணியும் அதே காலத்தில் உருவானதுதான்.

மறுபுறம், கோடைக்கு மாறியதால் கலை வளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1982 முதல் சில ஆண்டுகள் கலை இயக்குநராக இருந்த பீட்டர் டுல்லி என்ற அணிகலன் கலைஞர், பட்டறை ஒன்றை அமைத்து, காகிதக் கூழாலும் பிளாஸ்டிக்காலும் மாபெரும் உருவங்களைச் செய்யப் பொதுமக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கையில் அட்டை பிடித்து நடந்த ஊர்வலம், அலங்கார ஊர்திகளின் ஊர்வலமாக மாறியது அவருடைய காலத்தில்தான்.

தன்பாலீர்ப்பு எப்போது குற்றமற்றதாக்கப்பட்டது?

1984ஆம் ஆண்டு மே மாதத்தில். தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் 1975ஆம் ஆண்டிலேயே இதைச் செய்துவிட்டது. நியூ சவுத் வேல்ஸில் 1981இல் ஜார்ஜ் பீட்டர்சன் என்ற உறுப்பினர் எடுத்த முயற்சி தோல்வியடைந்தது. 1982இல் தன்பாலீர்ப்பாளர்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் வந்தபோது, ஒரு விந்தையான நிலை ஏற்பட்டது: ஒருவரைத் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக வேலையிலிருந்து நீக்க முடியாது, ஆனால் அவருடைய உறவுக்காக அவரைச் சிறையில் அடைக்க முடியும். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மாநில முதல்வர் நெவில் ரான் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த திருத்தமே இந்த முரண்பாட்டை நீக்கியது. இணக்க வயது (உறவுக்கு இணங்கச் சட்டம் அனுமதிக்கும் வயது) மட்டும் மற்றவர்களுக்கு 16 எனவும் தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கு 18 எனவும் இருந்தது. அது சமமாக்கப்பட்டது 2003இல். நாட்டின் கடைசி மாநிலமான டாஸ்மேனியா 1997இல் சட்டத்தை மாற்றியது.

எய்ட்ஸ் நோய் பரவிய காலத்தில் விழா நிறுத்தப்பட்டதா?

நிறுத்தப்படவில்லை, நிறுத்த வேண்டும் என்ற குரல்கள் மிகப் பலமாக எழுந்தன. சட்டம் மாறிய அதே 1984ஆம் ஆண்டில்தான் எய்ட்ஸ் அச்சம் நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், பலருக்கும் பிரியமான நீச்சல் வீரர் பாபி கோல்ட்ஸ்மித், ஆஸ்திரேலியாவில் எய்ட்ஸால் இறந்த முதல் சிலருள் ஒருவராக மறைந்தார். அவரை வீட்டிலேயே வைத்துப் பராமரித்த நண்பர்கள் அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை இன்றும் நோயாளிகளுக்கு உதவுகிறது. ஆண்டின் இறுதியில், குயின்ஸ்லாந்து மாநிலத்தில் தொற்றுள்ள குருதி ஏற்றப்பட்ட குழந்தைகள் இறந்த செய்தி வெளியானபோது, தன்பாலீர்ப்பாளர்கள்மீது மக்களின் சீற்றம் திரும்பியது.

1985ஆம் ஆண்டு ஊர்வலத்தை இரத்து செய்ய வேண்டும் என்று வெளியார் மட்டும் கேட்கவில்லை. சமூகத்தின் உள்ளிருந்தும் அவ்வாறு எண்ணியவர்கள் இருந்தார்கள். அமைப்பாளர்கள் பின்வாங்கவில்லை. 'நம் உயிருக்காகப் போராடுகிறோம்' என்ற பொருளில் ஒரு கருப்பொருளை அறிவித்து ஊர்வலத்தை நடத்தினார்கள். பாதுகாப்பான உறவு பற்றிய செய்திகளை அச்சுறுத்தும் மொழியில் சொல்லாமல், ஆடலும் நகைச்சுவையும் கலந்து ஊர்திகளின் வழியாக மக்களிடம் கொண்டுசென்றார்கள். அரசு, மருத்துவர்கள், பாதிக்கப்பட்ட சமூகம் ஆகிய மூன்று தரப்பும் ஒன்றாக அமர்ந்து திட்டம் வகுத்ததே ஆஸ்திரேலியா தொற்றைக் கட்டுப்படுத்தியதற்குக் காரணம் என்று மருத்துவ உலகம் பாராட்டுகிறது. அந்தச் சமூகத்தை ஒரே இடத்தில் சென்றடையும் வாய்ப்பை இவ்விழாதான் அளித்தது.

இழப்பு மிகக் கொடியது. பீட்டர் டுல்லி 1992இல் எய்ட்ஸால் இறந்தார். ஊர்திகளைச் செய்த கைகள், ஆடைகளைத் தைத்த கைகள் பல அந்தப் பத்தாண்டில் மறைந்தன. ஒவ்வோர் ஆண்டும் இறந்தவர்களின் பெயர்களைச் சுமந்துகொண்டே எஞ்சியவர்கள் ஆடினார்கள்.

விழாவை எதிர்த்தவர்கள் யார்?

நெடுங்காலம் எதிர்த்தவர்களுள் முதன்மையானவர், கிறித்தவப் போதகரும் மாநில மேலவை உறுப்பினருமான ஃப்ரெட் நைல். ஊர்வல நாளில் மழை பெய்ய வேண்டும் என்று அவர் ஆண்டுதோறும் வெளிப்படையாகப் பிரார்த்தித்தார். தேசிய ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி 1994இல் முதன்முறையாக ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் காட்டியபோது, நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். ஆனால் சிற்றூர்களில் தனியே வாழ்ந்த இளைஞர்கள் பலருக்குத் தங்களைப் போன்றவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பதை அந்த ஒளிபரப்பே காட்டியது.

ஆஸ்திரேலியப் பழங்குடியினருக்கு இவ்விழாவில் என்ன இடம்?

1988இல் ஆஸ்திரேலிய அரசு, ஐரோப்பியர் குடியேறிய 200ஆம் ஆண்டைப் பெருஞ்செலவில் கொண்டாடியது. பழங்குடியினருக்கு அது துக்க ஆண்டு. அவ்வாண்டு மார்டி கிராவில் முதன்முறையாகப் பழங்குடியினர் ஊர்தி ஒன்று வந்தது. மால்கம் கோல் என்ற பழங்குடி நடனக் கலைஞர், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைப் பிரிட்டனுக்கு உரியது என அறிவித்த கடலோடி கேப்டன் குக்கைப் போல் உடையணிந்து படகு வடிவ ஊர்தியில் நிற்க, அதை வெள்ளையர்கள் இழுத்து வந்தார்கள். இருநூறு ஆண்டு வரலாற்றைத் தலைகீழாக்கிய அக்காட்சிக்கு ஈடான அரசியல் பேச்சு அந்த ஆண்டு முழுவதும் எங்கும் நிகழ்ந்திருக்காது. இன்று பழங்குடியினர் அணி ஊர்வலத்தின் முன்வரிசையில் செல்கிறது.

விழா வளர்ந்த காலத்தில் வன்முறை குறைந்துவிட்டதா?

இல்லை என்பதே கசப்பான விடை. ஆக்ஸ்போர்டு வீதியில் இலட்சக்கணக்கானோர் கைதட்டிய அதே 1980களிலும் 1990களிலும், சிட்னியின் பூங்காக்களிலும் கடற்கரைக் குன்றுகளிலும் தன்பாலீர்ப்புள்ள ஆண்களை இளைஞர் கும்பல்கள் தாக்கின. குன்றின் அடியில் கிடைத்த உடல்களைத் தற்கொலை என்றும் விபத்து என்றும் எழுதிக் காவல்துறை கோப்புகளை மூடியது. 1988இல் இறந்த ஓர் அமெரிக்கக் கணித ஆய்வு மாணவரின் மரணம் அவ்வாறு மூடப்பட்டு, குடும்பத்தாரின் விடாமுயற்சியால் மூன்று முறை மரண விசாரணைக்குச் சென்று, பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே குற்றவாளி தண்டனை பெற்றார். 1970 முதல் 2010 வரையிலான இத்தகைய மரணங்களை ஆராய்ந்த நீதிபதி ஜான் சாக்கர் ஆணையம், 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், காவல்துறையின் அலட்சியத்தைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. கொண்டாட்டத்தின் படங்களை மட்டும் பார்த்து அக்காலத்தைப் பொற்காலம் என்று எழுதுவோர் இந்த அறிக்கையைப் படிக்க வேண்டும்.

2002இல் விழா நின்றுபோனதாகச் சொல்கிறார்களே?

விழாவை நடத்திய நிறுவனம் கடனில் மூழ்கிச் செயலிழந்தது, விழா நிற்கவில்லை. சமூக அமைப்புகள் ஒன்றுகூடிப் புதிய நிறுவனத்தை உருவாக்கி, அடுத்த ஆண்டு ஊர்வலத்தைக் குறித்த காலத்தில் நடத்தின. கொரோனா தொற்றின்போதும் 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளில் சிட்னி கிரிக்கெட் மைதானத்துக்குள் ஊர்வலம் நடந்தது.

1978இல் நடந்தவற்றுக்கு யாரேனும் மன்னிப்புக் கேட்டார்களா?

கேட்டார்கள், 38 ஆண்டுகள் கழித்து. 2016 பிப்ரவரியில் நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்றம், முதல் மார்டி கிராவில் கலந்துகொண்ட 'எழுபத்தெட்டுக்காரர்கள்' என்று மதிப்போடு அழைக்கப்படுவோரிடம் முறைப்படி மன்னிப்புக் கோரியது. பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்த அவர்களுள் பலருக்கு அப்போது அறுபது வயதைக் கடந்திருந்தது. பெயர்களை வெளியிட்ட நாளேடும் அதே வாரத்தில் வருத்தம் தெரிவித்தது. மாநிலக் காவல்துறை ஆணையர் மிக் ஃபுல்லர் 2018இல் மன்னிப்புக் கேட்டார். பழைய சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டவர்கள் தங்கள் குற்றப் பதிவை அழித்துக்கொள்ள 2014இல் வழி செய்யப்பட்டது. சட்டம் மாறி 40 ஆண்டுகள் நிறைந்த 2024 ஜூனில், முதல்வர் கிறிஸ் மின்ஸ், அவ்வாறு தண்டிக்கப்பட்டவர்களிடமும் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

லான்ஸ் கவுலண்ட் 2008இலேயே காலமாகிவிட்டார். இந்த மன்னிப்புகளுள் எதுவும் அவர் காதில் விழவில்லை. பீட்டர் மர்ஃபி அடிபட்ட டார்லிங்ஹர்ஸ்ட் காவல் நிலையக் கட்டடம் 2024 பிப்ரவரியிலிருந்து, 'குயூடோப்பியா' என்ற பெயரில், இச்சமூகத்தின் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகமாக இயங்குகிறது; சிறை அறைகளையும் உள்ளே சென்று காணலாம்.

திருமண உரிமைக்கும் மார்டி கிராவுக்கும் தொடர்பு என்ன? மேற்குச் சிட்னி எதிர்த்து வாக்களித்தது ஏன்?

2017இல் நடந்த அஞ்சல்வழிக் கருத்துக்கணிப்பில் நாடு முழுவதும் 61.6 விழுக்காட்டினர் ஒருபால் திருமணத்தை ஆதரித்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு நடந்த 40ஆவது மார்டி கிரா, வெற்றி விழாவாகவே அமைந்தது.

ஆனால் எதிர்ப்பு வாக்கு மிகுந்த 17 தொகுதிகளுள் 12 தொகுதிகள் மேற்குச் சிட்னியில் இருந்தன. அவற்றுள் பாரமாட்டாவும் ஒன்று. வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், டூங்காபி போன்ற தமிழர்கள் செறிந்து வாழும் பகுதிகள் இதைச் சுற்றியே உள்ளன. எந்தச் சமூகம் எப்படி வாக்களித்தது என்பதை வாக்குச்சீட்டு காட்டாது. ஆகவே தமிழர்களைப் பற்றி அதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. எனினும் சமய நம்பிக்கையும் குடும்ப மானம் பற்றிய கவலையும் வலுவாக உள்ள புலம்பெயர்ந்தோர் பகுதிகளில், பிள்ளைகள் தங்களைப் பற்றி வீட்டில் வாய்திறக்க இயலாத நிலை நீடிக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆக்ஸ்போர்டு வீதிக்கும் பாரமாட்டாவுக்கும் இடையே தொடர்வண்டியில் அரைமணி நேரத் தொலைவுதான். ஆனால் சனிக்கிழமை இரவு அந்த ஊர்வலத்தில் நடந்துவிட்டு, ஞாயிறு காலை எதுவும் நடவாததுபோல் பெற்றோருடன் கோவிலுக்கோ தேவாலயத்துக்கோ செல்ல வேண்டிய இளைஞருக்கு அத்தொலைவு மிகப் பெரிது. இவர்களுக்கு உதவக் கூடியவை, தமிழ்ப் பள்ளிகளிலும் சங்கங்களிலும் வழிபாட்டுத் தலங்களிலும் பெரியவர்கள் வெளிப்படையாகப் பேசும் ஆதரவான சொற்களே.

இன்றைய மார்டி கிரா வணிக விழாவாகிவிட்டதா? காவல்துறையினர் ஊர்வலத்தில் நடப்பது சரியா?

இவை இரண்டும் சமூகத்துக்குள்ளேயே ஆண்டுதோறும் சூடாக விவாதிக்கப்படும் கேள்விகள். வங்கிகளும் விமான நிறுவனங்களும் ஊர்திகளோடு வருகின்றன. அவற்றின் பணம் இல்லாமல் இவ்வளவு பெரிய நிகழ்ச்சியை நடத்த முடியாது என்று ஒரு தரப்பும், அந்தப் பணம் கோரிக்கைகளை மழுங்கடிக்கிறது என்று மறுதரப்பும் கூறுகின்றன. 2023இல் உலகப் பெருமித விழாவைச் சிட்னி ஏற்று நடத்தியபோது, ஆந்தனி ஆல்பனீஸி பதவியிலிருக்கும்போதே ஊர்வலத்தில் நடந்த முதல் பிரதமரானார். ஒரு வாரம் கழித்து 50,000 பேர் துறைமுகப் பாலத்தைக் கால்நடையாகக் கடந்தார்கள். அரசே தோளோடு தோள் நிற்கும்போது எதிர்ப்பு எங்கே என்று கேட்போர் உண்டு. மாறுபாலினத்தவரின் மருத்துவம், சமயப் பள்ளிகளில் ஆசிரியர்களும் மாணவர்களும் சந்திக்கும் பாகுபாடு போன்றவற்றைப் பற்றிய பதாகைகள் ஊர்வலத்தில் தொடர்ந்து வருவதைப் பார்த்தால், எதிர்ப்பு மறைந்துவிட்டதாகத் தோன்றவில்லை.

காவல்துறையினர் 1998இலிருந்து ஊர்வலத்தில் அணியாக நடக்கிறார்கள். 2024 ஊர்வலத்துக்குச் சில நாள்களுக்கு முன், ஓர் ஆண் இணையரைக் கொன்றதாகப் பணியிலிருந்த காவலர் ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டபோது, அவ்வாண்டு வர வேண்டாம் என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். பேச்சுவார்த்தைக்குப் பின் சீருடையின்றி நடக்க உடன்பாடு ஏற்பட்டது. எழுபத்தெட்டுக்காரர்களிடையே கூட இது பற்றி ஒரே கருத்து இல்லை. காவல்துறையில் பணிபுரியும் தன்பாலீர்ப்பாளர்களை ஒதுக்கக் கூடாது என்பது சிலரின் வாதம். சாக்கர் அறிக்கையின் பரிந்துரைகள் முழுமையாக நிறைவேறும்வரை சீருடைக்கு இங்கே இடமில்லை என்பது மற்றவர்களின் வாதம். அடிபட்டவர்கள் உயிருடன் இருக்கும்வரை, சீருடையைப் பற்றி முதலில் பேசும் உரிமை அவர்களுக்கே உண்டு என்பதில் ஐயமில்லை.

ஊர்வலத்தை நேரில் காண என்ன செய்ய வேண்டும்?

சாலையோரத்தில் நின்று பார்க்கக் கட்டணம் கிடையாது. ஹைட் பூங்காவின் அருகிலிருந்து புறப்படும் ஊர்வலம், ஆக்ஸ்போர்டு வீதி, ஃபிளிண்டர்ஸ் வீதி வழியாக மூர் பூங்காவை நோக்கிச் செல்லும். நல்ல இடம் வேண்டுமானால் பிற்பகலிலேயே சென்றுவிட வேண்டும். சாலைகள் அடைக்கப்படுவதால் கார் உதவாது. தொடர்வண்டியில் சென்று மியூசியம் நிலையத்தில் இறங்கி நடப்பது எளிது. குழந்தைகளோடு வரும் குடும்பங்களும் ஏராளம்.